குரைப்புப் பதிவேடு

பக்கத்து வீட்டு நாயின் பெயர் மேனேஜர்.
வங்கியில் முப்பத்தோரு வருடம்
ஃபைல் தூக்கி ஓய்வு பெற்ற பூவராகன்
காலையில் ஆசை தீரக் கூப்பிடுவார்:
"மேனேஜர், உட்கார்.
மேனேஜர், வாயை மூடு."
உட்காரும்.
மூடாது.

பழவந்தாங்கல் சுரங்கப்பாதை தாண்டி
மூன்றாவது குறுக்குத் தெரு.
எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே
ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து,
என் ஏசித் தண்ணீர் சொட்டும் அவருடைய பக்கெட்,
அப்புறம் அந்தக் குரல்.

விமான நிலையத்தில் சரக்குப் பிரிவு எனக்கு.
மூன்று மணிக்கு வந்து படுத்துப் புரண்டு
ஐந்துக்குக் கண் அயர்ந்தால்
ஐந்தேகாலுக்குப் பால் பாக்கெட் பையன்.
குரைப்பு.
ஆறரைக்குக் கோலமாவு. குரைப்பு.
குப்பை வண்டியின் பாட்டு போன பின்னும்
குரைத்ததையே திரும்பக் குரைக்கும்.
தலைக்கு மேல் தாழப் பறக்கும் விமானங்களை மட்டும்
ஒருமுறைகூடக் கண்டுகொண்டதில்லை.
பெரிய இடத்து ஆட்கள் என்று
விட்டுவிடும் போல.

காதில் பஞ்சு. ஃபேன் ஐந்தில்.
மதில்மேல் மாரி பிஸ்கட் வைத்துப் பார்த்தேன்,
தின்றுவிட்டு நன்றியோடு குரைத்தது.
மாநகராட்சி எண்ணில் எடுத்த அம்மாள்
"கடிச்சுதா?" என்றாள்.
"இல்லை."
"கடிச்சா கூப்பிடுங்க."

ஒரு ஞாயிறு, நான்கு நாள் தூக்கம் கெட்டு,
ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு
நானும் பதிலுக்குக் குரைத்தேன்.
எதிர் மாடியில் துணி உலர்த்திய ரெஜினா
கிளிப்பை வாயில் கவ்வியபடி நின்றுவிட்டாள்.
மேனேஜர் கொஞ்சம் யோசித்தது.
பிறகு, என் உச்சரிப்பைத் திருத்துவதுபோல்
மெதுவாக, ஒரே ஒருமுறை.

அன்றே வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன்:
ஐயா, தங்கள் நாய் காரணமே இல்லாமல்...

பதினைந்து நாள் கழித்துக் கதவைத் தட்டினார்.
கையில் நீல அட்டை போட்ட நீள நோட்டு.
தேதி, நேரம், காரணம், எண்ணிக்கை,
ஸ்கேல் வைத்துக் கோடு.
"காரணமில்லாமன்னு எழுதியிருந்தீங்க.
அதான் உக்காந்து குறிச்சேன்."
கண் இரண்டும் சிவந்திருந்தன.
அவரும் தூங்கியிருக்கவில்லை.

3.10. எட்டாம் நம்பர் ஸ்கூட்டர். பதினாறு.
3.14. எட்டாம் நம்பர் கேட், கிறீச். பதினொன்று.
5.15. பால். ஒன்பது.
10.20. எட்டாம் நம்பர் குக்கர்.
விசிலுக்கு இரண்டு வீதம் எட்டு.
மறுநாள் 3.10. எட்டாம் நம்பர் ஸ்கூட்டர்
(சைலன்சர் ஓட்டை). இருபத்திரண்டு.

புரட்டப் புரட்ட
நானேதான்.

ஆறாம் பக்கத்தில் ஒரு வரி,
அதே சாய்ந்த, சலான் நிரப்பும் கையெழுத்தில்:
3.40. எட்டாம் நம்பர் மொட்டைமாடி.
போன் பேச்சு. அழுகை.
குரைப்பு ஒன்று.
பிறகு 4.30 வரை இல்லை. மதிலோரம் நின்றது.

டொரண்டோவில் அப்போது மாலை ஆறு.
யாருக்கும் கேட்கவில்லை என்பதுதான்
அன்றைக்கு எனக்கிருந்த ஒரே நிம்மதி.

பூவராகன் தரையைப் பார்த்தார்.
"அந்த வரிய அடிச்சிரட்டுமா?"
வேண்டாம் என்றேன்.
"அப்போ, பாத்ததுக்கு ஒரு கையெழுத்து..."
மூடியைக் கழற்றிப் பேனாவை நீட்டினார்,
முப்பத்தோரு வருடப் பழக்கம்.

போட்டேன். தேதியும் போட்டேன்.
சைலன்சருக்கு ஆயிரத்து எண்ணூறாவது ஆகும்,
ஒன்றாம் தேதிக்கு மேல்தான்.

அவர் காலடியில் இருந்த மேனேஜர்
என் செருப்பை மோந்தது, நிமிர்ந்தது,
குரைத்தது.
அவர் கடிகாரம் பார்த்து
11.52 என்று எழுதி,
காரணம் என்ற கட்டத்தில்
பேனா முனையை ஊன்றியபடி
என் முகத்தைப் பார்த்தார்.